அட்டைக்கு மேல் போட்ட கோலம்

எங்கள் வீடு சிதம்பரத்தில். போன வருஷம் கொலு வைத்திருந்த சமயத்தில், மழைக்கு முன் தெரு வாய்க்காலைத் தூர்வார ஆட்கள் வந்தார்கள். என் வாசலோரத்து சிமென்ட் மூடியை எடுத்தவர்கள், "அடியில இன்னும் சேறு கெடக்கும்மா, நாளைக்கு அள்ளிட்டு மூடிடறோம்" என்று சொல்லி, குழியில் ஒரு வேப்பங்கிளையைச் செருகிவிட்டுப் போனார்கள்.

சாயந்திரம் நாலு பேர் வரும் வாசலில் இதென்ன அலங்கோலம் என்று எனக்கு எரிச்சல். கிளையைப் பிடுங்கி எறிந்தேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டையால் குழியை மூடினேன். அதோடு விட்டேனா? அட்டை மேல் ஒரு கோலமும் போட்டேன்.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ஸ்டெல்லா. ஏழு மாதக் கர்ப்பிணி. கோலத்தைப் பார்த்ததும் ஒதுங்கி நடந்து வாசற்படி ஏறினாள். பின்னாலேயே வந்த தெருநாய் ஒதுங்கவில்லை. அட்டையோடு உள்ளே விழுந்து, சேறு சொட்ட ஏறி ஓடியது.

"கோலத்த மிதிக்க வேணாமேன்னுதாங்க்கா சுத்தி வந்தேன்" என்றாள் ஸ்டெல்லா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

இந்த வருஷமும் தூர்வார வந்தவர்கள் குழியைத் திறந்து, கிளையைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிளையை நானே இன்னும் ஆழமாக ஊன்றினேன். கொலுவுக்கு வருபவர்களுக்கு வைத்துக் கொடுக்க வாங்கிய ரவிக்கைத் துணிகளில், நல்ல சிவப்பாகப் பார்த்து ஒன்றை அதன் உச்சியில் கட்டியிருக்கிறேன்.