செபமாலை அங்கிள் பாப்பரசரிடம் கேட்டது

செபமாலை அங்கிள் காலமான செய்தியை அவர் மனைவி பிலோமினா அன்ரி தொலைபேசியில் சொன்னபோது நான் கிளென் வேவர்லி ரயிலில் இருந்தேன். "நித்திரையிலேயே போயிட்டார், பிள்ளை" என்றார். அந்த மனிதர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்பிரிங்வேலில் அவர் வீட்டுக்குப் போய்வந்த உங்களுக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் தெரியும். ரோமில் பாப்பரசர் மதியம் பேசும்போது, குளிர்காலத்தில் இங்கே புலம்பெயர்ந்து வாழும் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். அங்கிள் தொலைக்காட்சி முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு, இன்றைக்கு எந்த நாட்டின் பெயர் வருகிறது என்று காத்திருப்பார். உக்ரைன் வரும், காசா வரும், சூடான் வரும். இலங்கை வராது. சாப்பாடு ஆறிப்போகும். போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்த அவருடைய மகன் அன்ரனைப் பற்றி அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

நான் சைவசமயக்காரி. என் வாயும் சும்மா இராது. "வெள்ளை அங்கி போட்ட ஒரு வயசாளி சொன்னால் ஆர் அங்கிள் கேக்கப்போயினம்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ஒரு பாப்பரசர் தன்ர போலந்துக்குப் போய் நிண்டார், அங்க ஆட்சியே ஆடிப்போச்சு. இன்னொருத்தர் அமெரிக்காவையும் கியூபாவையும் கதைக்க வைச்சவர். அவையள் வாய் திறக்கிறதும் அரசியல்தான், திறக்காததும் அரசியல்தான்" என்றார்.

பிறகு வத்திக்கானில் பணியாற்றும் ஓர் ஆயர், அங்கிளோடு நானும் போயிருந்த தமிழ்த் திருப்பலிக்கு வந்தார். அரசியல் கதைக்க வேண்டாம் என்று கோயில் குழுவினர் முதல்நாளே அங்கிளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிளோ தேநீர் நேரத்தில் நேரே ஆயர் முன்னால் போய் நின்று, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். குழுத் தலைவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனேன்.

"என்ர மகன் எங்க எண்டு இலங்கை அரசாங்கத்தைப் பாப்பரசர் கேக்கவேணும். அன்ரன் எண்ட ஒரு பேர் போதும்."

ஆயர் நல்ல மனிதர், கண் கலங்கினார். இறந்தவர்களுக்குச் செய்வதுபோல, அன்ரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் தாமே திருப்பலி ஒப்புக்கொடுப்பதாகச் சொன்னார். எங்கள் சனத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பலர் தலை குனிந்தார்கள். அங்கிள் குனியவில்லை.

"ஆத்துமாவுக்கு வேண்டாம், ஆண்டகை. ஆளுக்குக் கேளுங்கோ."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆயர் முயற்சிப்பதாகச் சொன்னார். பதில் வரவேயில்லை. குழுவில் சிலர் அங்கிளோடு கதைப்பதையும் விட்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் கோயிலில் இறந்தவர்களின் பெயர் கேட்பார்கள். மகனின் பெயரையும் கொடுத்து அழுது தீர்க்க அன்ரிக்கு ஆசை. அங்கிள் விட்டதில்லை. அடக்கத்தன்று பங்குத்தந்தை அன்ரியிடம் வந்து, தகப்பனின் பெயரோடு மகனின் பெயரையும் வாசிக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். தடுக்க இனி அங்கிள் இல்லை.

அன்ரி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம், ஃபாதர்" என்றார். "இனி நான் கேக்கிறன்."

அன்ரி கேட்கும் இடமெல்லாம் கூட நின்று, ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அங்கிள் எனக்கு விட்டுப்போனது அந்த வேலைதான்.