கிள்ளானில் ஏறிய சிவப்புக் கோடு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்கத்தின் அறை இருக்கிறது. சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு வழி சொல்லும் சங்கம். எந்த நாளில் போய்ப் பார்க்கலாம், என்ன கொண்டு போகலாம், வக்கீல் இல்லாவிட்டால் யாரிடம் போவது, இவ்வளவுதான் எங்கள் சேவை. நான் அதில் சேர்ந்ததற்குக் காரணம் சமூக அக்கறை என்று மேடையில் சொல்வேன். உண்மைக் காரணம், சனிக்கிழமை காலைகளில் வீட்டுத் திரைச்சீலைகளைக் கழற்றி மாட்டும் வேலையிலிருந்து தப்பிப்பது.

சங்கத்தில் எனக்கு மதிப்பு உண்டு. நான் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன் என்பதற்காக அல்ல. அதை அவர்கள் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்கள். எக்செல் தெரிந்தவன் என்பதற்காக. செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒருநாள் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டி, "சார், இத்தனை வருஷ ஃபைலும் இங்கதான் கிடக்கு. யார் யார் என்ன குற்றத்துக்கு உள்ள போறாங்க, கூடுதா குறையுதான்னு ஒரு டேபிள் போட்டுக் குடுங்களேன்" என்றார். மரியாதையான குரல்தான். ஆனால் வீட்டுப்பாடம் கொடுத்துப் பழகிய குரல்.

அந்த ஃபைல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தில், உள்ளே இருப்பவரின் பெயரை எழுதுவதில்லை. உதவி கேட்டு யார் படியேறி வருகிறார்களோ அவர்களை வைத்துத்தான் ஃபைல். அதிலும் பெயர் இல்லை, ஊரும் உறவும் மட்டும். 'செராஸ், மனைவி.' 'கிள்ளான், அம்மா.' முதன்முறை இதைப் பார்த்தபோது, "இது என்னம்மா நிர்வாகம்?" என்று கேட்டேன்.

"சார், அலமாரிக்குப் பூட்டு கிடையாது. நம்ம தொண்டர்கள் எல்லாம் யாருக்காவது சொந்தம். இன்னிக்கு இங்க அழுதுட்டுப் போறவங்க, நாளைக்குக் கல்யாணத்துல நம்ம பக்கத்து நாற்காலில உக்காந்து அப்பளம் நொறுக்குவாங்க. பேரு தெரியாம இருக்கறதுதான் நல்லது."

ஒப்புக்கொண்டேன். மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து ஃபைல்களைப் படித்து, நான்கு கட்டங்கள் போட்டேன். போதைப்பொருள், திருட்டு, அடிதடி, மற்றவை. உலகத்தின் சகல பாவங்களையும் நான்கு கட்டத்தில் அடைத்த திருப்தி, அந்த நேரத்தில் கொஞ்சம் தெய்வீகமாகவே இருந்தது.

படிவத்தில் 'இதற்கு முன் சிறை சென்றதுண்டா?' என்று ஒரு கேள்வி உண்டு. பெரும்பாலானோர் அதை வெறுமையாக விட்டிருந்தார்கள். வெறுமை என்றால் 'இல்லை' என்று நான் எடுத்துக்கொண்டேன். இவ்வளவு புத்தகம் படித்தவன், எழுதாமல் விட்ட இடத்தில்தான் மனிதன் விஷயத்தை வைப்பான் என்பதை மறந்துவிட்டேன்.

எண்களை இங்கே சொல்லப் போவதில்லை. அந்த உரிமையை நான் எப்படி இழந்தேன் என்பதுதான் மீதிக் கதை. சுருக்கமாக, போதைப்பொருள் கட்டம் வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. குறிப்பாகக் கிள்ளானில். அதற்கு ஒரு சிவப்புக் கோடு போட்டேன். தாமான் குடியிருப்பின் மேட்டில் ஏறும் மோட்டார் சைக்கிள் மாதிரி அது முனகிக்கொண்டே மேலே போயிற்று.

இதே சமயத்தில் செயலாளர் இன்னொரு காரியம் செய்திருந்தார். தண்டனை முடியும் முன்பே, நிபந்தனைகளோடு வெளியே வந்து வேலை செய்ய நல்ல நடத்தைக்காரர்களுக்கு அனுமதி கிடைப்பதுண்டு. அதற்கு வேலை கொடுக்கிறேன் என்று ஒரு முதலாளியின் கடிதம் வேண்டும். ஷா ஆலமில் லோரி வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒருவர், சிலருக்குக் கடிதம் தர ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: "முதல் தடவை போனவங்க மட்டும். ரெண்டு, மூணுன்னா வேணாம்." என் டேபிளிலிருந்து முதல் தடவைக்காரர்களை நான்தான் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பட்டியலில் 'கிள்ளான், அக்கா' என்ற ஃபைலும் இருந்தது. அந்த அக்கா கிள்ளானில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்பவர், தம்பிக்காக வந்தவர். தம்பி லோரி ஓட்டுநர். கடிதம் கிடைத்தால் அவன் தீபாவளிக்கு முன் வெளியே வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் அடுத்த தீபாவளியும் உள்ளேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் பக்கத்து மண்டபத்தில் என் உரை. திரையில் சிவப்புக் கோடு ஏறியபோது மண்டபம் 'த்சோ' என்றது. எழுத்தாளனாக இத்தனை வருடத்தில் நான் ஒரு கூட்டத்திலும் அப்படியொரு 'த்சோ' வாங்கியதில்லை.

முன்வரிசை அங்கிள் ஒருவர் கை தூக்கினார். "அந்தச் செவப்பு கோடு, அது நம்ம பசங்களா?"

"ஆமா அங்கிள்."

"அடப் பாவிங்களா. இப்படி ஏறுதேலா."

குரலில் வருத்தம் இருந்தது. ஒரு தினுசான நிறைவும் இருந்தது. அவர் வெகுநாளாகச் சந்தேகப்பட்டதை ஒருவன் படம் போட்டுக் காட்டிவிட்டான். நான் உற்சாகம் தாளாமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன். "உதாரணத்துக்குக் கிள்ளானை எடுத்துக்குங்க. ஒரே வட்டாரம். ஒரு அம்மாவோட மகன், ஒரு மனைவியோட கணவன், ஒரு அக்காவோட தம்பி. மூணு குடும்பம், மூணும் போதைப்பொருள் கேஸ்." மறுபடியும் 'த்சோ.'

உரை முடிந்து தேநீர் நேரத்தில் அந்தக் கிள்ளான் அக்கா வடைத் தட்டோடு என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அக்கா என்று ஃபைலில் இருப்பதால் எல்லோருக்கும் அக்கா, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவராக இருந்தாலும்.

"அண்ணே, நீங்க சொன்ன அந்த அம்மா, இடது கையில கட்டு போட்டுட்டு வந்தாங்களா?"

எனக்கு எங்கே தெரியும்? பக்கத்திலிருந்த செயலாளர்தான், "ஆமாம்மா, வழுக்கி விழுந்தாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"அது எங்கம்மா." வடையைத் தட்டில் வைத்தார். "அந்த மனைவி, கைக்குழந்தையோட வந்தாளா?"

"ஆமா."

"அது என் தம்பி பொண்டாட்டி. அண்ணே, மூணு பேர் இல்லண்ணே. ஒரே ஆளு. மூணும் என் தம்பி."

நான் வாயில் போட்ட வடையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"முதல் தடவை அம்மா வந்தாங்க. ரெண்டாவது தடவை அவ வந்தா. இப்ப அவ கோவிச்சுக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போய்ட்டா, அதான் நான் வரேன். ஒருத்தன நீங்க கிராமமா ஆக்கிட்டீங்களே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். செயலாளர் சிரிக்கவில்லை. அவருக்குத்தான் முதலில் விளங்கியது. அடுத்து அந்த அக்காவுக்கு. சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப அந்த வொர்க்‌ஷாப் பாஸ்..."

முதல் தடவை போனவன் என்றால் கடிதம் உண்டு. மூன்று தடவை போன ஒருவன் என்றால் ஒன்றும் இல்லை. அக்கா இன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், செவ்வாய்க்கிழமை கடிதம் கையில் இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அவர் தம்பிக்காக அல்ல, என் கோட்டுக்காக. அந்த ஒருவனை எடுத்துவிட்டால் கிள்ளானில் அது எங்கே போய் விழும் என்று மனம் ஏற்கெனவே பார்க்கத் தொடங்கியிருந்தது.

"இப்ப என்னம்மா செய்யலாம்?" என்றேன்.

அக்கா தேநீரை ஆற்றினார். "சொல்லாம விட்டா, ஒருநாள் அந்த பாஸுக்குத் தெரியும். அன்னிக்கு என் தம்பிய ஏமாத்துக்காரன்னு சொல்லுவாரு. அவன் ஏமாத்தலண்ணே. அவன்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. அந்த ஃபார்ம்ல காலியா விட்டது நான்."

"அதை 'இல்லை'ன்னு நிரப்பினது நான்."

"அப்ப ரெண்டு பேரும் போவோம்."

போகும் முன் அக்காவோடு சங்க அறைக்குப் போய், ஃபைல்கள் மூன்றையும் மேசையில் பரப்பி, முதன்முறையாகக் குற்றத்தை ஒழுங்காகப் படித்தேன். முதல் தடவை போதைப்பொருள் எடுத்தது. அதற்குப் பிறகு அவன் மேற்பார்வையில் இருந்திருக்கிறான். மாதம் ஒருமுறை மேற்பார்வை அலுவலகத்துக்குப் போய் லாப்போர் போட வேண்டும், வந்தேன் என்று முகத்தைக் காட்ட வேண்டும். இரண்டாவது தடவை, போகவில்லை, அதற்கே சிறை. மூன்றாவது தடவையும் அதே, போகவில்லை. பெயர் மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்த அந்த இரண்டு தாளிலும் மேலே அச்சிட்டிருந்த சட்டத்தின் பெயரில் போதைப்பொருள் என்ற சொல் இருந்தது. நான் அந்தச் சொல்லைப் பார்த்தேன், கட்டத்தில் போட்டேன், கோடு ஏறிற்று.

"ஏம்மா போகல?"

"அந்த ஆபீஸ் வேலை நாள்ல காலையிலதான் தொறக்கும். இவன் அஞ்சு மணிக்கு லோரி எடுக்கணும். பழைய முதலாளிகிட்ட லீவு கேக்கணும்னா எதுக்குன்னு சொல்லணும். எதுக்குன்னு சொன்னா வேலை போயிடும். அதனால கேக்கல. அடுத்த மாசம் போறேன் அடுத்த மாசம் போறேன்னே இருந்தான்."

எழுத உட்கார்ந்தால் நானும் அதே ரகம்.

திங்கட்கிழமை என் காரில் ஷா ஆலம் போனோம். ஃபெடரல் நெடுஞ்சாலை, லோரிகளும் நானும் ஒரே வேகத்தில் நிற்கும் அந்தச் சமத்துவச் சாலை, எனக்கு ஒரு பேச்சைத் தயாரிக்க நிறைய நேரம் கொடுத்தது. 'சேர்க்கைகளின் எண்ணிக்கை வேறு, நபர்களின் எண்ணிக்கை வேறு' என்று அது தொடங்கும். பக்கத்து இருக்கையில் அக்கா தம்பியின் படிவத்தை மடியில் வைத்து, கிளினிக்குக்கு வர நேரமாகும் என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார்.

வொர்க்‌ஷாப் முதலாளி ஒரு லோரியின் அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வாங்கண்ணே. லெட்டர் நாளைக்குத்தானே?" என்றார்.

"அதுல ஒரு திருத்தம் இருக்கு. சேர்க்கைகளின் எண்ணிக்கை..."

"என் தம்பி மூணு தடவை உள்ள போனவன், பாஸ்" என்றார் அக்கா. என் பேச்சு அங்கேயே செத்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்க முதல் தடவைன்னு குடுத்தீங்க?"

"தப்பா குடுத்துட்டேன். ஃபைல் மூணு இருந்துச்சு, ஆள் மூணுன்னு நெனச்சுட்டேன்."

"என்னண்ணே நீங்க, பெரிய படிப்பு படிச்சவரு." அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். "மூணு தடவைன்னா எப்படிலா நம்பறது? நான் ஏற்கெனவே ஒருத்தனை வெச்சுப் பட்டுட்டேன்."

அக்கா ஒன்றும் கெஞ்சவில்லை. மூன்று தாள்களையும் எடுத்து அவர் மடியில் வைத்து, முதலாவதைத் தொட்டு, "இதுல எடுத்தான்" என்றார். அடுத்த இரண்டையும் தொட்டு, "இதுல போகல, இதுலயும் போகல. அப்புறம் அவன் எடுத்ததே இல்ல பாஸ். டெஸ்ட் எல்லாம் சுத்தமா இருக்கு, பின்னால பாருங்க."

அவர் பார்த்தார். மெதுவாகப் படிக்கிறவர். "போகலன்னா? எங்க போகல?"

அக்கா சொன்னார். அந்த ஆபீஸ், அந்தக் காலை நேரம், ஐந்து மணி லோரி, கேட்காத லீவு.

"லீவு கேட்டுத் தொலைச்சிருக்கலாமேலா!" என்றார் அவர், தம்பி எதிரே நிற்பதுபோல் கோபமாக. "மாசத்துக்கு ஒரு காலை. ஒரு காலைக்காகவா ரெண்டு தடவை?"

"அதைத்தான் கேக்க வந்தேன். வேலை மட்டும் இல்ல. மாசத்துல அந்த ஒரு காலை. அதையும் லெட்டர்ல எழுதிக் குடுங்க. அப்ப அவன் யார்கிட்டயும் கேக்க வேணாம்."

பட்டறையில் யாரோ ஒரு போல்ட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மூன்று தாள்களையும் அடுக்கி அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "டிரைவர் வேலை கிடையாது" என்றார். "டயர் பக்கம் நிக்கட்டும். என் கண்ணுல படற மாதிரி. ஆறு மாசம் பாக்கறேன். லாப்போர் போட்ட சீட்டை அன்னிக்கு மத்தியானமே எனக்குக் காட்டணும்."

"சரிங்க பாஸ்."

"எழுதுங்கண்ணே" என்று என்னிடம் கடிதத் தாளை நீட்டினார். "உங்களுக்கு வேற என்ன தண்டனை குடுக்கறது."

எழுதினேன். மாதத்தில் ஒரு காலை என்று வந்த இடத்தில் என் கையெழுத்து எனக்கே அழகாகத் தெரிந்தது. பிறகு பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றது. சங்கத்தில் மூன்று ஃபைல், என் திரையில் மூன்று புள்ளி, எல்லாம் இருந்தும் அவன் பெயர் எனக்குத் தெரியாது.

"பேரு என்ன?" என்றார் முதலாளி. "கிள்ளான் அக்கான்னு லெட்டர் எழுத முடியாதில்ல?"

அக்கா பழக்கத்தில் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். போல்ட் அடித்தவர் உட்பட மூன்று பேர் நின்றிருந்தார்கள். யாருடைய சொந்தமோ. பிறகு தம்பியின் பெயரை, அப்பா பெயரோடு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மூன்று ஃபைல்களையும் ஒன்றாகக் கட்டினேன். சிவப்புக் கோடு கிள்ளானில் அப்படியே படுத்துக்கொண்டது. புதிதாக 'போகாதது' என்று ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டு, மற்ற ஊர்களின் ஃபைல்களையும் பிரித்துப் பார்க்கிறேன். அந்தக் கட்டம் நிரம்பிக்கொண்டே வருகிறது. முன்வரிசை அங்கிளிடம் போனில் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். "அப்ப முன்ன சொன்னது?" என்றார். "தப்பு அங்கிள்" என்றேன். "அந்தப் பழைய படத்தையே வாட்ஸ்அப்ல போட்டுட்டேனே" என்றார். அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

செயலாளரிடம் கேட்டு அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டோம். கட்டிய ஃபைலின் மேல் ஊரையும் உறவையும் அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினேன். கேட்டு எழுதியதுதான், அக்கா சரி என்றார். டயர் பக்கம் போனால் இப்போது அவனைப் பார்க்கலாம், மாதத்தில் ஒரு காலை தவிர. பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பக்கத்துக்குப் பூட்டு இல்லை.