சீமை எலிக்குப் போட்ட பட்டுத் தையல்

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில், பட்டு நெசவுக்காரர்கள் தெருவில் நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கச்சாப் பட்டு வாங்கப் பெங்களூர் போயிருந்த என் கணவர், நூல் மூட்டையோடு ஒரு அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டைகள். உள்ளே வாலே இல்லாத இரண்டு உயிர்கள். ஆண் காப்பித்தூள் நிறம், பெண் வெள்ளையில் கறுப்புத் திட்டு. நூல் வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அலுத்துப்போய்விட்டதாம், கொடுத்துவிட்டார்களாம்.

"பட்டு வாங்கியாடான்னு அனுப்பினா எலி வாங்கியாந்து கீறான்" என்றார் என் மாமியார்.

தெருவே அவற்றைச் சீமை எலி என்றுதான் கூப்பிட்டது. கினிப்பன்றி என்ற பெயர் பிறகு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அவற்றைத் தன்னுடையவையாக எடுத்துக்கொண்டவர் என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர், எனக்கும் அக்காதான். தேசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழந்தை இல்லை என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதிலிருந்து அம்மா வீட்டிலேயே இருந்தார். வாய் திறந்து பேசுவது அபூர்வம். அவருடைய வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும் இடத்தில் புதிய பாவைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றையும் அதன் ஜோடியோடு. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முடிச்சே போடாமல், ஒரு திருகு. அவ்வளவுதான். இரண்டு இழையும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்த மாதிரி ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டும் அதைச் செய்வார். எனக்கு அது வேலை மாதிரியே தெரியாது, மழை பெய்வதைப் பார்ப்பது மாதிரி நின்றுவிடுவேன்.

சீமை எலிகள் பெருகின. முதல் ஈற்றுக் குட்டிகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாங்கிப்போனார்கள். அடுத்ததையும். அதற்கடுத்த ஈற்றில் பெண் எலி ஒரு பகல் முழுக்க முக்கியது. குட்டி செத்து வந்தது. தாய் எழுந்திருக்கவே இல்லை. அக்கா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார், நான் பின்னாலேயே.

டாக்டர் அதைப் பிழைக்கவைத்தார். "இன்னொரு வாட்டி சினை ஆச்சுன்னா தாங்காது. ஆணைத் தனியா வெச்சிடுங்க" என்று சொல்லியனுப்பினார்.

வைத்தோம். ஆண் தறிக்குழிப் பக்கம், பெண் அடுப்படிப் பக்கம். நடுவில் ஒரு சுவர். சுவரின் இரண்டு பக்கமும் வீக் வீக் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. சில நாள் போனதும் ஆணின் குரல் மட்டும் நின்றது. புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. எடை போடத் தேவையே இல்லை, கையில் எடுத்தால் எலும்பு தட்டியது.

அக்கா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அவர் ஒரு மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன்.

"பிரிச்சி வெச்சா ஆண் செத்துடும், சேத்து வெச்சா பொண்ணு செத்துடும்னா இன்னாங்க பண்றது? காளைக்குக் காயடிக்கறீங்க இல்ல, இதுக்கும் அடிச்சி வுடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்துட்டுப் போவட்டும்."

காளையைப் பிடித்துக்கொண்டு நின்ற விவசாயி ஒருவர் தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சாரு, மொதல்ல எலிய பாருங்க. எங்காளு வெயிட் பண்ணுவான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "காலேஜ்ல இதுங்களுக்கு ஊசி போட்டு, சாவுதா இல்லையான்னு குறிச்சி வெக்கத்தான் கத்துக்கொடுத்தாங்க. பொழைக்க வெச்சிக் குடுங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா" என்றார். பிறகு எலியைப் புரட்டி அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். "காளைக்கு வெச்சி நசுக்கற கிடுக்கி இதுக்கு ஆகாது. கத்தி வெச்சிதான் எடுக்கணும். உள்ள குடல் எறங்கற வழி ஒண்ணு தொறந்தே இருக்கும், அதையும் தைச்சி மூடணும். என்கிட்ட இருக்கறது மாட்டுத் தோலு தைக்கற நூல். சாயம் போடாத பட்டு உங்க வீட்ல இருக்குமா?"

"அதைத் தவிர வேற ஒண்ணும் இல்லீங்க" என்றார் அக்கா.

பசை எடுத்த வெள்ளைப் பட்டில் மெல்லிய இழைகளாகப் பார்த்து எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கி, கொதிக்கவைத்து மறுநாள் எடுத்துப்போனோம். பட்டினி போடக்கூடாது, காலையில் தின்கிறதைத் தின்னட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எங்கே தின்றது? அக்கா கெஞ்சிக் கெஞ்சி நாலு அருகம்புல்லை உள்ளே தள்ளினார்.

டம்ளருக்குள் ஈதர் நனைத்த பஞ்சு. மூக்கை அதனருகே கொண்டுபோனதும் எலி கையிலேயே தளர்ந்தது. பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை விட்டுக் கன்றை இழுக்கிற கைகள் டாக்டருக்கு. ஒவ்வொரு விரலும் அந்த எலியின் தொடைப் பருமன். அந்த விரல்கள் அவரைக்காய் அளவு இடத்துக்குள் போய், எடுக்க வேண்டியதை எடுத்து, முடிச்சிட்டு, வழியை மூடி, வெளியே வந்தன. சேலையில் ஓடவேண்டிய இழை தோலுக்குள் ஓடுவதைப் பார்த்தேன். மூச்சு விட்டால் அது அறுந்துவிடும் என்று தோன்றியது. முதல் நாள் சிரித்த காளைக்கார விவசாயி அன்றும் வந்திருந்தார், எப்போது உள்ளே வந்தார் என்றே தெரியவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வைக்கோல் வேணாம், மரத்தூளும் வேணாம், குத்தும், தூசு ஒட்டும். மெத்துனு சுத்தமா இருக்கணும். ஈ உக்காரக்கூடாது. ஒரு மாசம் பொண்ணுகிட்ட சேக்காதீங்க, பழைய சரக்கு உள்ளயே கொஞ்ச நாள் இருக்கும், சினை ஆயிடும். முக்கியமா, அது திங்கணும். வயிறு நின்னுச்சின்னா நான் தைச்சதுக்கு அர்த்தமே இல்ல" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை அது தின்னவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, மயிரெல்லாம் சிலிர்த்து, மூலையில் உட்கார்ந்திருந்தது. நகர முயன்றால் ஒரு முனகல், உடனே நின்றுவிடும். நெல்லிக்காய்ச் சாற்றை இங்க் ஃபில்லரில் எடுத்து வாயில் விட்டேன். வழிந்தது.

அக்கா பெட்டியின் முன் குனிந்தார். அடியில் நாங்கள் விரித்திருந்த துணி இல்லை. அதன் இடத்தில், நூல் இழைக்கும்போது ஒதுக்கிப்போடும் கழிவுப் பட்டு, வெள்ளை வெளேரென்று, மேகம் போல.

எலியைத் தூக்கினால் மேகமும் கூடவே வந்தது. தையல் போட்ட இடத்தில் இழைகள் ஈரத்தோடு ஒட்டி, பின்னங்கால்களைச் சுற்றி, ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தன. அது அசைந்தபோதெல்லாம் புண் இழுபட்டிருக்கிறது.

"யார் இதைப் போட்டது?" என்றார் அக்கா.

அடுப்படி வாசலில் மாமியார் நின்றார். எலியால் வீடு நாறுகிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர். "டாக்டரு மெத்துனு போடுன்னாராமே. துணி சொரசொரன்னு இருந்திச்சி. அதான்... சாயம் இல்லாததாப் பாத்துப் பொறுக்கித்தாண்டி போட்டேன்."

அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. உலகத்திலேயே மெத்தென்ற பொருள் எதுவென்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பார்கள்.

என் கணவர் ஆஸ்பத்திரிக்கு சைக்கிளை மிதித்துப் போய்த் திரும்பினார். டாக்டர் சேத்துப்பட்டுப் பக்கம் முகாமுக்குப் போய்விட்டாராம், சாயங்காலம்தான் வருவாராம்.

"கத்திரி கொண்டாடி, மொத்தமா வெட்டி வுட்டுடலாம்" என்று மாமியார் அழுதார்.

"வெட்டினா தையலும் போயிடும்மா. அதுவும் வெள்ள, இதுவும் வெள்ள."

கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் தறிமேல் விழும் இடத்துக்கு அக்கா வந்து உட்கார்ந்தார். எலியை மல்லாக்க ஏந்திக்கொள்ளச் சொன்னார். என் உள்ளங்கைகளில் அதன் இதயம். அடிப்பது என்று அதைச் சொல்ல முடியாது, நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆறவைத்த வெந்நீரைப் பஞ்சில் நனைத்து ஒற்றினார். பிறகு இமைகளை மூடிக்கொண்டார்.

விரல்கள் இறங்கின. ஒரு இழையைத் தொடும், இரண்டு விரலுக்கு நடுவில் லேசாக உருட்டும், விட்டுவிடும். அடுத்ததை உருட்டும், மெல்ல உருவி வெளியே போடும். எனக்குப் புரியச் சற்று நேரமானது. முறுக்கு இருந்தால் அது தையல். முறுக்கு இல்லையென்றால் கழிவு. தெருவில் ஒவ்வொரு தறியாக ஓசை நின்றது. சேதி பரவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை, சிலர் கைகூப்பி நின்றார்கள். நானும் கும்பிட்டிருப்பேன், கை எலியிடம் இருந்தது.

கடைசி இழை வந்தபோது பெட்டியிலிருந்த மேகம் ஒரு சின்ன உருண்டையாகத் தரையில் கிடந்தது. தையல்கள் போட்டது போட்டபடி, எறும்பின் காலடி மாதிரி இருந்தன. ஒன்றுகூட நெகிழவில்லை.

மாமியார் தன்னுடைய பழைய நூல் புடவையைக் கிழித்து விரித்தார். அதன்மேல் எலி வெகுநேரம் படுத்தே இருந்தது. பிறகு கொத்தமல்லிக் காம்பு ஒன்றின் பக்கம் மூக்கை நீட்டியது. நறுக். அந்தச் சின்ன ஓசையில் வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் பெருமூச்சு விட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண் எலி வீக் என்றது. இது, வாயில் தழையோடு, பதில் சொன்னது.

"தின்னுட்டுப் பேசுடா, தொண்டையில மாட்டிக்கப் போவுது" என்றார் மாமியார்.

ஒரு மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, அக்காவே இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டார். மூக்கோடு மூக்கு வைத்துச் சற்று நேரம் அசையாமல் நின்றன. பிறகு, ஒரு நாளும் பிரிந்ததே இல்லை என்பதுபோல், இரண்டும் ஒரே தழையை இரண்டு முனையிலிருந்து தின்னத் தொடங்கின. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் நடுவயது தாண்டிவிட்டது. எதிலும் அவசரம், எங்கும் நிலைகொள்ளாத மனசு. அப்படியும், யாருடைய துயரத்திலாவது உதவுகிறேன் என்று கை நீட்டும்போதெல்லாம், அந்த வெளிச்சத்தில் இமை மூடி உட்கார்ந்திருந்த முகம் வந்து என்னை நிறுத்துகிறது. இது அவர்களைப் பிடித்துவைத்திருக்கும் தையலா, இறுக்கும் சிக்கலா என்று விரலால் ஒருமுறை உருட்டிப் பார்க்காமல் எந்த இழையையும் நான் இழுப்பதில்லை.