யூரியா போடச் சொன்னேன்

வேளாண்மைக் கல்லூரிக் களப்பயிற்சிக்காகக் கூமாப்பட்டி போயிருந்தேன். அங்கே விவசாயம் செய்யும் மாரியக்காவின் நெல் நாற்றங்கால் மஞ்சளித்திருந்தது. வரப்பில் நின்றபடியே, "நைட்ரஜன் டெஃபிசியன்சி அக்கா, யூரியா போடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பரீட்சைக்கு நோட்டைப் புரட்டினால், அடியிலை மஞ்சளானால்தான் நைட்ரஜன் என்ற தழைச்சத்துக் குறை, குருத்து வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை என்றிருந்தது. அங்கே எது மஞ்சள்? நான் குனிந்தே பார்க்கவில்லை! பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடினேன். வெளுத்திருந்தது குருத்துதான்.

"அக்கா, நிறுத்துங்க! நான் சொன்னது தப்பு."

"ஏட்டி, இங்கிலீசுல அம்புட்டு உறுதியாச் சொன்னியே! படிச்ச பிள்ளைன்னு நம்பி பாதிக்குப் போட்டுட்டனே."

அன்று மாலையே இரும்புச்சத்துக் கரைசல் தெளித்தோம். பச்சை பிடிக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. பிடித்தது.

இப்போது வேளாண் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் பயிரின் எல்லாக் குறைபாடுகளையும் சரியாகச் சொல்கிறேன். ஆனால் மாரியக்கா என்னை எம்புட்டுச் சீக்கிரம் நம்பினார் என்பதுதான் பயமாக இருக்கிறது.