அப்பாவுக்கும் லீவு விட்டிருந்த கோடை

தேயிலை உண்மையில் ஒரு மரம் என்பது எனக்குத் தெரியவந்தது, மூன்றாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில்தான். அதுவரை அது அம்மாவின் இடுப்புக்கு மேல் வளரத் தெரியாத செடி. கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளி, பாய் விரித்ததுபோல மட்டமாக வைத்திருப்பதால்தான் அது செடியாக இருக்கிறது, ஆள் கைவிட்டால் தன் இஷ்டத்துக்கு எழுந்து நிற்கும் என்பதை மேல் டிவிஷனுக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, குன்னூர் ஏலத்தில் தூளைக் கேட்க ஆளில்லாமல் போயிருந்த காலம் அது. எங்கள் எஸ்டேட்டில் முதலில் மேல் டிவிஷனை மூடினார்கள். சில வருஷம் கழித்து, அந்தக் கோடைக்குக் கொஞ்சம் முன்னால், கீழ் டிவிஷனில் எங்கள் ஃபேக்டரிச் சங்கும் நின்றது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, அப்பாவுக்கும் லீவு.

"ஒனக்கு மட்டுந்தான் லீவு விடுவாங்களா? எனக்கும் விட்டுட்டாங்க" என்று அப்பாவே சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பா மேஸ்திரி. காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. சிலோனிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அதைப் பெரட்டு என்பார்கள், கூப்பிடும் இடம் பெரட்டுக்களம். வேலை நேரத்தில் மூடுபனி இறங்கிப் பக்கத்து ஆள் தெரியாமல் போனாலும் பெரட்டு உண்டு. அப்பா நின்ற இடத்தில் நின்றே பெயர்களைக் கூப்பிடுவார். தேயிலைக்குள் அங்கங்கே இருந்து "இருக்கேன்", "இருக்கேன்" என்று குரல் வரும். குரல் வராத ஆளைத் தேடிப் போவார்கள்.

மழை பெய்து வெளியே போக முடியாத மத்தியானங்களில் அப்பா அதை எங்களுக்கு விளையாட்டாக்கிக் கொடுத்தார். அவர் பெயர்களைக் கூப்பிடுவார், நானும் தங்கையும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் எங்கள் லயத்து வீடுகளில் இன்னும் இருந்தால் "இருக்கேன்". சட்டி பானையைக் கட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கமோ கேரளாவுக்கோ போயிருந்தால் "லீவு". தங்கைக்கு லீவு சொல்லத்தான் ஆசை. அந்தக் கோடையில் அவளுக்கு நிறைய வாய்ப்புக் கிடைத்தது.

மழை இல்லாத நாட்களில் மேல் டிவிஷனுக்குக் கிளம்புவோம். தூக்குவாளியில் ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு அம்மா, தங்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பா, எல்லோருக்கும் முன்னால் அம்மாவின் தம்பியான மாமா. ஃபேக்டரியில் இருந்த மாமாவுக்கும் லீவுதான். திரும்பும்போது பெரியவர்கள் தலையில் விறகுக்கட்டு இருக்கும். அதையும் பிக்னிக்கில் சேர்த்துத்தான் எண்ணியிருந்தோம்.

மேல் டிவிஷனில் தேயிலை வரிசை வரிசையாக நின்றது. காட்டு மரம்போலக் கலைந்து நிற்காமல், நட்ட கணக்குப்படியே, ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே பகலிலும் வெளிச்சம் கம்மி. கீழே உதிர்ந்து கிடக்கும் தேயிலைக் காயைப் பொறுக்கிக் கோலி ஆடுவோம். லயத்துக் கூரைத் தகரத்தை எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மட்டும் பாதிக் கூரை மிச்சம். அதன் விட்டத்தில் தொட்டில் கொக்கிகள் அப்படியே இருந்தன. ஒன்றில் பழைய சேலைத் தொட்டில்கூட அவிழ்க்கப்படாமல் தொங்கியது. காற்றே இல்லாதபோதும் அது லேசாக ஆடுவதாக எனக்குத் தோன்றும். நாங்கள் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் ரொட்டி தின்போம்.

"மருமகனே, ஒரு விசயம் கேட்டுக்க" என்று மாமா ஒருநாள் குரலை இறக்கினார். "பனிக்குள்ள ஒருத்தி திரியிறா. நம்ம வீட்டாளுங்க குரல்லயே பேர் சொல்லிக் கூப்பிடுவா. ஏன்னு கேட்டுட்டியோ, வந்து கூட்டிட்டுப் போயிருவா. பேர் சொன்னா மூச்சுக் காட்டக் கூடாது. நின்ன எடத்துலயே மரமாட்டம் நிக்கணும்."

"பாப்பான்னு கூப்புட்டா?" என்று கேட்டாள் தங்கை.

"அப்பவும் நிக்கணும்."

"அம்மா கூப்புட்டா?"

"அது அம்மான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"டேய், புள்ளைகள பயங்காட்டாத. ராத்திரி எழுந்திரிச்சு என் முந்தானையத்தான் பிடிச்சு இழுக்குதுங்க" என்றாள் அம்மா. மாமா சிரித்தார். அன்று முழுக்க எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். நான் இரண்டு முறை ஏமாந்தேன். தங்கை ஒருமுறைகூட அசையவில்லை. "இவதான் கெட்டிக்காரி" என்று அவளுக்கு ஒரு கல்கோனா மிட்டாய் பரிசு கிடைத்தது.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தபோதுதான் அது நடந்தது. சாப்பிட்டு முடித்து, அம்மாவும் அப்பாவும் விறகு கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தங்கையும் காய் பொறுக்கிக்கொண்டே கொஞ்சம் உள்ளே போயிருந்தோம். பள்ளத்திலிருந்து பனி ஏறியது. நான் திரும்பி ஓடிவந்தேன். அவள் என் பின்னால் வருகிறாள் என்றே நினைத்தேன்.

"பாப்பா எங்கடா?" என்று அம்மா கேட்டபோது, பக்கத்தில் இருந்த மரம்கூடத் தெரியவில்லை.

முதலில் அம்மா கூப்பிட்டாள். பிறகு அப்பா. பிறகு இருவரும் சேர்ந்து. பனி சத்தத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தது. காலையில் வரும் வழியில் காட்டுமாட்டுச் சாணி ஆவி பறக்கக் கிடந்ததை எல்லோருமே பார்த்திருந்தோம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவின் குரல் ஏற ஏற, அது அம்மாவின் குரல் மாதிரியே இல்லை. எனக்கே பதில் சொல்லப் பயமாக இருந்தது.

மாமா முகம் வெளுத்து நின்றார். "மச்சான், அவ பதில் சொல்ல மாட்டா. நாந்தான் சொல்லி வச்சேன். பேர் சொன்னா பேசாம நில்லுன்னு நாந்தான்..."

அம்மா அவரை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் புல் மண்டிக் கிடந்த பெரட்டுக்களத்துக்கு நடந்தார். நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, விளையாட்டுக் குரலில் இல்லாமல், வேலைக் குரலில் தொடங்கினார்.

"மாரியாயி!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "லீவு" என்றாள்.

"பழனியாண்டி!"

"லீவு" என்றார் மாமா.

"செல்லாயி!" "லீவு." "ராமையா!" "லீவு."

எதிர்மலை ஒவ்வொரு பெயரையும் வாங்கி, கொஞ்சம் தாமதித்துத் திருப்பிக் கூப்பிட்டது. அங்கேயும் ஒரு மேஸ்திரி நின்று, அங்கேயும் ஒரு பெரட்டு நடப்பதுபோல இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து லீவு என்ற சொல் மட்டும் திரும்பி வரவில்லை. அம்மா அதை அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள். பனி கொஞ்சம் விலகும்போதெல்லாம் தேயிலை மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. முக்காடு போட்டுக்கொண்டு, பெயருக்காகக் காத்து நிற்பவர்கள்போல. செத்துப்போன சிலரின் பெயரையும் அப்பா விடாமல் கூப்பிட்டார். அவர்களுக்கும் அம்மா லீவு சொன்னாள். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

வரிசை முடிந்தது. தங்கை குரல் கொடுக்கவில்லை. அப்புறம் அப்பா, அந்த வரிசையில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு பெயரைக் கூப்பிட்டார். அவருடைய பெயரை.

மாமா குனிந்துகொண்டார். அம்மா வாயைத் திறந்தாள். அந்தப் பெயருக்கு அவளால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. எதிர்மலை மட்டும் அப்பாவை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு ஓய்ந்தது.

அப்போது, பள்ளத்துக்கு மேலே இடதுபக்கமிருந்து, தெளிவாக, கெட்டிக்காரத்தனமாக ஒரு குரல் வந்தது.

"லீவூ!"

அப்பா ஓடினார். இரண்டு தேயிலை மரங்களுக்கு நடுவில், வரிசை பிசகாமல், கைகளை ஒட்டவைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கவுன் மடியில் இருந்த காய் ஒன்றுகூடச் சிந்தவில்லை.

"ஏன் சாமி ஓடி வரல?" என்றாள் அம்மா, அவளை உடம்பெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே.

"எல்லாரும் நின்னாங்க. நானும் நின்னேன்" என்றாள்.

"எல்லாருன்னா யாரு?" என்று மாமா கேட்டார். அவள் அவருக்குப் பின்னால் எங்கோ பார்த்தாள். மாமா மறுபடி கேட்கவில்லை.

அம்மா முதலில் சிரித்தாள். "அப்பாவுக்கு லீவாம், சொல்றா பாருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பிள்ளை கிடைத்த பிறகும் ஏன் இவ்வளவு நேரம் அழவேண்டும் என்று எனக்கு அலுப்பாகக்கூட இருந்தது. அப்பா தங்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அம்மா எழுந்திருக்கும்வரை மலையைப் பார்த்தபடி நின்றார். விறகை அன்று யாரும் எடுத்துவரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பெரட்டு விளையாட்டும் நடக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பாதான் கொண்டுவந்து விட்டார். மற்ற அப்பாக்களைப்போல வாசலோடு திரும்பாமல், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். டீச்சர் பெயர் கூப்பிட்டார். என் பெயருக்கு "உள்ளேன் டீச்சர்" என்றேன். நடுவில் சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. எல்லாம் எங்கள் லயத்துப் பிள்ளைகள். டீச்சருக்குத் தெரியாதே என்று நானே எழுந்து உதவினேன்.

"லீவுங்க டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். அப்பா நகர்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து டீச்சர் அந்தப் பெயர்களைக் கூப்பிடவில்லை. லீவு முடிந்து அவர்கள் வரும்போது, தங்கள் பெயர் எந்த இடத்தில் வரும் என்று தெரியாமல் நிற்பார்களே என்று எனக்குக் கொஞ்ச நாள் கவலையாக இருந்தது.