அண்ணன் கைதட்டிய ஐந்தாம் குழி

கோல்ஃபைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை ஆடுகிறவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு நடப்பார்கள், யாரும் ஓட மாட்டார்கள். என் தொந்திக்கு ஏற்ற விளையாட்டு என்று ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். நடப்பதே ஒருவருக்குப் பெரும்பாடாகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. அண்ணன் எண்ணூரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் சூப்பரின்டென்டென்ட். கம்பெனிக்குக் கடலை ஒட்டி ஆறு குழி வைத்த கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போனது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் கடல், தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. காலையில் அங்கே நின்றால், இந்த எண்ணூரையா மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம் என்றிருக்கும். உப்புக்காற்றில் புல் பிடிக்காது. அதனால் குழியைச் சுற்றி மணலைக் கொட்டி, மெஷினில் கழித்த எண்ணெயை ஊற்றி, உருளையால் அமுக்கி வட்டமாக வைத்திருப்பார்கள். புல்லாக இருந்தால் கிரீன் என்பார்களாம், இதற்குப் பெயர் பிரவுன்.

கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே குப்பத்து ஜனங்கள் அந்த மணலில்தான் வலையும் மீனும் காயப்போட்டார்கள். அவர்களை விரட்ட முடியாமல் கம்பெனிக்காரர்கள் ஆட்டத்தின் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். பந்து வலையில் விழுந்தால் எடுத்து வெளியே வைத்து ஆடலாம். காக்கை தூக்கிப் போனால் வேறு பந்து. கருவாட்டின் மேல் விழுந்தால் அதைக் காயப்போட்ட அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் அதை மீறத் துணிந்தவன் யாருமில்லை.

அந்த வருடம் அண்ணனுக்கு மார்வலி வந்தது. டாக்டர் மாடிப்படிகூட ஏறாதே என்றார். அண்ணன் ஆபீசில் வாயு என்று சொல்லிவைத்தார். விஷயம் எப்படியோ கல்கத்தாவில் இருந்த டைரக்டர் காதுக்குப் போய்விட்டது. அவர் வந்தார், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஓர் ஆட்டம் போடலாமா என்று மட்டும் கேட்டார். அது ஆட்டமில்லை, உடம்புக்குப் பரீட்சை என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வீடும் கம்பெனி குவார்ட்டர்ஸ். அதில் அண்ணியும், கல்யாணத்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்களும்.

"நீயும் வா," என்றார் அண்ணன்.

"நானா? அந்த மட்டையை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதே, அண்ணே."

"அதுதான் வேணும். என் தம்பி புதுசா கத்துக்கறான்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீ அடிச்சா பந்து தொலையும். நீ தேடற வரைக்கும் நான் நிக்கலாம், மூச்சு வாங்கிக்கலாம்."

"அப்போ நான் கேவலமா ஆடணும்?"

"எவ்வளவு கேவலமா முடியுமோ அவ்வளவு."

"எனக்கு இன்னா தெறமை கீதுன்னு இத்தினி வருசமா தேடிக்கினு இருந்தேன். நீ கண்டுபுட்ச்சிட்ட, அண்ணே."

அண்ணன் சிரித்தார். சிரித்ததற்கே நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை விடியலில் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கேவலமாக ஆட வரம் கேட்ட ஒரே ஆட்டக்காரன் நானாகத்தான் இருப்பேன். துறைமுகத்தில் தலைக்கு மேலே கிரேனில் மூட்டை தொங்கும்போது வெற்றிலை மடித்தவன் நான். அன்று எலுமிச்சம்பழம் அளவு பந்துக்கு முன்னால் மட்டையை நாலு தடவை மாற்றி மாற்றிப் பிடித்தேன். நடிக்கவே தேவைப்படவில்லை. முதல் வீச்சில் மணல் பறந்தது. இரண்டாவதில் இன்னும் அதிகமாகப் பறந்தது. பந்து மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.

மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா நைனா, பள்ளம் தோண்டிகினே கீற? நண்டு புடிக்க வந்தியா?"

அடுத்த அடியில் பந்து நேராக அவளுடைய கருவாட்டுக்குள் போனது.

"மன்னிச்சிக்கம்மா."

"வாளை மீனு மேல வுழுந்தா வுடு. என் மேல வுழுந்திச்சி, பேஜாரா பூடும் சொல்லிட்டேன்."

டைரக்டர் சிரித்தார். அண்ணன் மட்டையை ஊன்றிக்கொண்டு கடலை ரசிப்பதுபோல் நின்றார். டைரக்டரும் கடலைப் பார்த்து, எவ்வளவு அழகான இடம் என்று இங்கிலீஷில் சொன்னார். அழகு எங்களுக்கு உதவியாக இருந்தது. மூன்றாம் குழியில் ஒரு காக்கை தெய்வம்போல் வந்து என் பந்தைத் தூக்கிப் போனது. நான்காவதில் பந்து சவுக்குத் தோப்புக்குள் போனது. உள்ளே போனால் அது என் காலடியிலேயே கிடந்தது. செருப்பால் மிதித்துக்கொண்டு, குனிந்து குனிந்து தேடினேன். மரங்களின் இடைவெளியில் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்த உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் "கெடச்சிடுச்சி!" என்று கத்தினேன்.

ஐந்தாம் குழி மணல்மேட்டின் உச்சியில். ஏறித்தான் ஆக வேண்டும். இதில் பந்தைக் கடலில் போடுவது என் திட்டம். ஏற்றத்துக்கு முன்னால் அண்ணனுக்கு நீண்ட ஓய்வு கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு வீசினேன்.

டொக் என்று சுத்தமாக ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். பந்து எழும்பி, கடல் பக்கம் போய், காற்றில் வளைந்து திரும்பி, மேட்டின் மேல் இறங்கியது. டைரக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பந்து என்னைத் தேடி வந்தாலும் தவறவிடுகிறவன் நான். அதற்காக என்னைக் கேலி செய்தவர்களோடெல்லாம் சண்டை போட்டவர் அண்ணன். இப்போது அவருக்கு மார்வலி, பரீட்சை எல்லாம் மறந்துபோயிற்று. "அட்ச்சான் பாரு! இன்னா அடி! என் தம்பி!" என்று இத்தனை வருட ஆபீசர் பேச்சையெல்லாம் உதறிவிட்டுக் கைதட்டிக்கொண்டே மேட்டில் ஓடினார்.

ஓடாதே என்று கத்த முடியாது. பக்கத்தில் டைரக்டர். நானும் சிரித்துக்கொண்டே, சந்தோஷத்தில் ஓடுகிறவன்போல், அவரைப் பிடிக்க ஓடினேன். மணல் காலை இழுத்தது. உச்சியில் அண்ணன் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இடைவெளி கூடியது. பிறகு மெதுவாகப் பிரவுனிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டையில் எண்ணெய் கறுப்பாக ஊறியது.

"ஒண்ணுமில்ல சார்," என்றார். "வாயு."

டைரக்டர் அவர் பக்கத்தில் குனிந்து, இன்றைக்குப் போதும் என்று மிக மென்மையாகச் சொன்னார். அந்த மென்மையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மாதம் முடிவதற்குள் அண்ணனை ஓய்வில் அனுப்பினார்கள். எல்லோரும் ராயபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். நாங்கள் மாடிக்குப் போனோம், அண்ணன் கீழே இருந்தார். வேலை போனதைப் பற்றி அவர் பேசியதில்லை. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அந்த அடியைத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல மேடு உயர்ந்துகொண்டே போனது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். கீழே இறங்கிப் போய் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அண்ணி கால்சட்டையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பார்த்தாள், சோடா போட்டு வேகவைத்தாள். கறை போகவில்லை. கடைசி நாட்களில் அண்ணன், "பொட்டியில வெக்கும்போது அதையே போடுங்க. மல்லாக்கத்தானே படுக்கப் போறேன், எவன் பாக்கப் போறான்?" என்றார். மழைக்காலம் முடிந்த வாரம் அதைப் போட்டுத்தான் அனுப்பினோம்.

அன்று மேட்டிலிருந்து அவரைத் தாங்கி இறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். குழிக்கு ஒரு சாண் தூரத்தில் பந்து நின்றிருந்தது. யாரும் அதைக் குழிக்குள் தள்ளவில்லை, எடுக்கவுமில்லை. காக்கை தூக்கிப் போயிருக்கும். சட்டப்படி நான் வேறு பந்து வைத்து ஆடலாம்.