தொரை சொன்னதும் நான் சொன்னதும்

அப்புத்தளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த தொரைக்குத் தமிழ் வராது. கணக்கெழுதும் கிராணி மூலம் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும் என்று எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம். ஆகவே தொரையிடம் எதைக் கேட்பதென்றாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். நானும் தலைகால் புரியாமல் கிளம்பிவிடுவேன்.

பக்கத்து வீட்டு அத்தையின் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மகளுக்கு எட்டாம் மாதம். மழைக்கு முன்னால், மேல் லயத்தில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மாற அனுமதி வேண்டும். அத்தைக்காக நான் கேட்டேன். தொரை சிரித்துக்கொண்டே, "வீ வில் ஸீ வாட் வீ கேன் டூ" என்றார். கண் அதற்குள் மேசைக் காகிதத்துக்குப் போய்விட்டது.

"என்ன புள்ள சொல்றாரு?"

"செஞ்சு தர்றாராம், அத்தை."

என்ன செய்யலாம் என்று பார்ப்போம். தொரை சொன்னது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாராவது "பாப்போம்" என்றால் அது நடக்காது என்று எனக்குத் தெரியாதா? அதையே ஆங்கிலத்தில் கேட்டதும் வாயைப் பிளந்துவிட்டேன். மடச்சி.

என் பேச்சை நம்பி, பதுளையில் தன் தம்பி தருவதாக இருந்த அறையை அத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். மழை வந்தது, சுவர் சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி கோயில் மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, அத்தை தொரையை மறித்தார்.

"செஞ்சு தர்றேன்னு சொன்னீங்களேங்க! இந்தப் புள்ளதான் சாட்சி."

அதையும் நானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. தொரை என்னை நேராகப் பார்த்தார். "டிட் ஐ ப்ராமிஸ் ஹர்?"

வாக்குக் கொடுத்தேனா என்கிறார். இது நன்றாகவே புரிந்தது.

"நோ, சார்."

"என்ன புள்ள சொல்றாரு?"

லயமே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மறந்துட்டாராம், அத்தை."

கிராணிக்கு ஆங்கிலம் தெரியும். அவர் பேர்ப் புத்தகத்தில் குனிந்துகொண்டார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சரியாத்தான் கேட்ட, புள்ள. அவருதான் பேச்சு மாறிட்டாரு."

நான் தலையாட்டினேன்.